வார ஓய்வும் ஒரு தூண்டிலும்

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை நாலரை மணிக்கு மைசூர் ரோட்டிலோ கனகபுரா ரோட்டிலோ நின்று பார்த்தால் ஒரு விசித்திரமான ஊர்வலத்தைக் காணலாம். ஸ்கூட்டரிலும் மோட்டார் சைக்கிளிலும் இரண்டிரண்டு பேராகப் போவார்கள். பின்னால் உட்கார்ந்திருப்பவரின் தோளில் நீளமான ஒரு துணிப்பை தொங்கும். கிரிக்கெட் மட்டை என்று நினைத்தால் அதற்கு நீளம் அதிகம். தம்புரா என்று நினைத்தால் குடத்தைக் காணோம். பைக்குள் இருப்பது தூண்டில் கழி.

இவர்கள் மீன் விற்றுப் பிழைக்கிறவர்கள் அல்ல. வாரத்தில் ஆறு நாட்கள் லேத் மிஷின் முன்பும், பாங்க் கவுண்டரிலும், கம்ப்யூட்டர் திரைக்கு எதிரிலும், பஸ் ஸ்டீயரிங் பிடித்தபடியும் கழிப்பவர்கள். ஏழாம் நாள் கிடைக்கும் சில மணி நேரத்தை ஏதாவது ஒரு ஏரிக்கரையில் மிதக்கும் தக்கையைப் பார்த்துக்கொண்டு செலவிடுகிறார்கள். இந்தக் கூட்டத்தில் தமிழர்களையும் தாராளமாகப் பார்க்கலாம். தருமபுரி, வேலூர், திருவண்ணாமலைப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து வேலை தேடி இங்கே வந்தவர்கள், அல்லது அப்படி வந்தவர்களின் பிள்ளைகள். ஊர் ஏரியில் மூங்கில் கழியும் மண்புழுவுமாகப் பழகிய பழக்கம், ஊர் மாறியும் விடவில்லை.

பொழுதுபோக்கு என்றால் பணம் உள்ளவர்களுக்குத்தான் என்று பேசுவது வழக்கம். தூண்டிலுக்கு அது பொருந்தாது. கழி, நரம்பு, முள், ஈயக்குண்டு எல்லாம் சேர்த்து ஒரு நல்ல செருப்பு விலைக்குள் அடக்கிவிடலாம். இதற்கு வேண்டியது நேரம். மாதச் சம்பளக்காரனிடம் இல்லாததும் அதுதான்.

ஷிப்டுக்கு ஏற்ற தண்ணீர்

பீனியா பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றில் மெஷினிஸ்டாக இருக்கும் அன்பர் ஒருவர் எனக்குப் பழக்கம். இருபது வருஷமாகத் தூண்டில் போடுகிறார். மூன்று ஷிப்டு வேலை, இரண்டு பெண் குழந்தைகள், சொந்த ஊரில் வயதான தாயார். "உங்களுக்கு எப்படி சார் டைம் கிடைக்குது?" என்று கேட்டேன். "கிடைக்கிற டைமுக்குள்ள எந்தத் தண்ணி இருக்குதோ அங்கதான் போவேன், அண்ணா" என்றார்.

அவருடைய கணக்கு சுலபமானது. பகல் இரண்டு மணி முதல் இரவு பத்து மணி வரை இரண்டாவது ஷிப்டு என்றால் அந்த வாரம் மீன் வாரம். விடியற்காலை ஐந்தரைக்கு ஏரிக்கரை, ஒன்பது மணிக்கு வீடு, குளித்துச் சாப்பிட்டு ஒரு தூக்கமும் போட்டுவிட்டு வேலைக்குப் போகலாம். காலை ஆறு மணி ஷிப்டு என்றால் மாலை நாலரையிலிருந்து இருட்டும் வரைதான். அதற்கு மேல் ஏரிக்கரையில் பாம்புக்கும் கொசுவுக்கும்தான் வேலை. நைட் ஷிப்டு வாரத்தில் கழியைத் தொடுவதே இல்லை. தூக்கம் கெட்ட உடம்போடு வண்டி ஓட்டிக்கொண்டு போய் ஏரிக்கரையில் உட்காருவது ஆபத்து என்பது அவர் கட்சி. அது சரியான கட்சி.

இதில் ஒரு நல்ல சங்கதி உண்டு. மீன் இரை எடுக்கும் நேரமும் உழைப்பாளியின் ஓய்வு நேரமும் பெரும்பாலும் ஒத்துப்போகின்றன. நடுப்பகல் வெயிலில் மீன் ஆழத்திலோ செடி நிழலிலோ ஒதுங்கிவிடும். விடியற்காலையும் அந்தியும்தான் அது கரையோரம் வரும் வேளை. ஆகவே எட்டு மணி நேரம் வேலை பார்க்கிறவன் இழப்பது பெரும்பாலும் மீன் கடிக்காத நேரத்தைத்தான்.

கோலார் தங்கவயல்காரர்களுக்கு இந்தச் சௌகரியம் இல்லை. 2001-ல் சுரங்கம் மூடப்பட்ட பிறகு அங்கிருந்து தினமும் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்கு வருகிறவர்கள் ஆயிரக்கணக்கானோர். விடிவதற்கு முன்பே ஸ்டேஷனுக்கு வந்து, இருட்டிய பிறகு வீடு திரும்புகிறவர்களுக்கு வார நாளில் ஏரி ஏது? அவர்களுக்கு ஞாயிறு ஒன்றுதான். தங்கவயலுக்கே குடிதண்ணீர் கொடுத்த பாலாற்று ஏரியான பேத்தமங்கலம் பக்கத்தில் இருப்பது அவர்கள் செய்த பாக்கியம்.

வேலையோடு தூண்டில் போட்ட பெரியவர்கள்

இந்தத் திண்டாட்டம் இன்று தோன்றியதல்ல. வெள்ளைக்காரர் காலத்தில் சென்னை மாகாணத்து சிவில் சர்வீஸில் ஹென்றி சல்லிவன் தாமஸ் என்று ஓர் அதிகாரி இருந்தார். தென் கன்னட மாவட்டத்தில் கலெக்டர் வேலை பார்த்தவர். 1873-ல் இந்தியாவில் தூண்டில் மீன்பிடிப்பு பற்றி ஒரு பெரிய நூல் எழுதினார். அது மலையாற்று மஹ்சீர் மீனுக்குப் பேர்போன நூல். ஆனால் 1887-ல் அவரே குளம், ஏரிகளில் தூண்டில் போடுவதைப் பற்றித் தனியாக இன்னொரு நூல் எழுதினார். மலையாற்றுக்கு லீவு போட்டுப் போக வேண்டும். ஏரி கச்சேரிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. பீனியா மெஷினிஸ்டின் கணக்கும் கலெக்டர் துரையின் கணக்கும் ஒன்றுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

புலி வேட்டைக்குப் பெயர் பெற்ற ஜிம் கார்பெட்டை எல்லோருக்கும் தெரியும். அவர் ரயிலோடு பிழைத்தவர் என்பது பலருக்குத் தெரியாது. கங்கைக் கரையில் மொகாமா காட் என்னும் இடத்தில் ஒரு ரயிலிலிருந்து மறு ரயிலுக்குச் சரக்கு மாற்றும் வேலையை இருபது ஆண்டுகளுக்கு மேல் நடத்தினார். 1944-ல் வெளிவந்த அவருடைய முதல் பெரிய புத்தகத்தில் ஆட்கொல்லிப் புலிகளுக்கு நடுவே மஹ்சீர் பிடித்ததைப் பற்றியும் ஓர் அத்தியாயம் சேர்த்தார். புலிகளோடு அதையும் சேர்க்க அவருக்கு மனம் வந்ததே, அதைக் கவனிக்க வேண்டும். நம் பெங்களூர்க்காரரான கென்னத் ஆண்டர்சனும் விமானத் தொழிற்சாலையில் வேலை பார்த்துக்கொண்டேதான் காடு மேடெல்லாம் சுற்றினார்.

அமெரிக்காவில் இந்தப் பொழுதுபோக்கு பெரிய தொழிலாகவே ஆகிவிட்டது. அங்கே 'பாஸ்' என்று ஒரு நன்னீர் மீன். அகன்ற வாய், பச்சை உடம்பு, செடி மறைவில் பதுங்கியிருந்து பாயும் குணம். 1932 ஜூன் 2-ம் தேதி ஜார்ஜியா மாநிலத்தில் ஜார்ஜ் பெர்ரி என்ற இளம் விவசாயி, மழையால் நிலத்தில் வேலை நடக்காத ஒரு நாளில் தூண்டிலை எடுத்துக்கொண்டு போனார். 22 பவுண்டு 4 அவுன்ஸ் எடையுள்ள பாஸ் ஒன்று மாட்டியது. இந்தச் சாதனையை 2009-ல் ஜப்பானின் பிவா ஏரியில் ஒருவர் எட்டிப் பிடித்தார். அதுவரை 77 வருஷம் அதற்கு ஈடு கிடையாது. வேலை இல்லாமல் போன ஒரு நாள் செய்த வேலை அது!

பாஸ் மீனுக்காகப் பெரிய போட்டிகளை 1967-ல் ஆர்க்கன்சாஸ் மாநிலத்து பீவர் ஏரியில் தொடங்கி வைத்த ரே ஸ்காட் என்பவரும் முழுநேர மீன்பிடிப்பாளர் அல்ல. இன்ஷூரன்ஸ் பாலிசி விற்றுக்கொண்டிருந்தவர். பிடித்த மீனை உயிரோடு தண்ணீரில் விட்டுவிட வேண்டும் என்ற இயக்கத்தை 1972-ல் தம் போட்டிகளில் கொண்டுவந்தவரும் அவர்தான். ஆயிரக்கணக்கான பேர் ஒரே ஏரியில் வாரா வாரம் இறங்கினால், விட்டால்தான் அடுத்த வாரத்துக்கு மீன் இருக்கும் என்பது வியாபாரிக்குத் தெரிந்த கணக்கு.

நம் ஊர் விரால்

பாஸ் மீன் நம் ஏரிகளில் இல்லை. ஆனால் அதன் குணத்தோடு ஒரு மீன் இருக்கிறது. அதுதான் விரால். பாம்புத் தலை, உருண்ட உடம்பு, செடிகொடிக்குள் அசையாமல் கிடந்து தவளை தாவும் சத்தம் கேட்டதும் பீரங்கி போல் பாய்வது. சாப்பாட்டுக்கு முள் குறைந்த, சுவையான மீன் என்பதால் சந்தையில் உயிரோடு விற்பார்கள். உயிரோடு விற்க முடிகிறதே, அதற்குக் காரணம் இருக்கிறது. விரால் செவுளால் மட்டும் மூச்சு விடுவதில்லை. தண்ணீருக்கு மேலே வந்து காற்றையும் குடிக்கும். காற்றுக் குடிக்க வரும்போது தண்ணீரில் ஒரு சின்ன 'களக்' சத்தம் கேட்கும். பழகினவன் காது அந்தச் சத்தத்துக்குத்தான் காத்திருக்கும்.

ஊரில் விராலுக்கு உயிர்த் தவளையை முள்ளில் கோத்துப் போடுவார்கள். அது பார்க்க மனசுக்குச் சங்கடமான காரியம். தவளை ஏரிக்கும் வயலுக்கும் வேண்டிய பிராணி. இப்போது பெங்களூர்க் கடைகளில் ரப்பர் தவளை கிடைக்கிறது. அமெரிக்காவில் பாஸ் பிடிக்கச் செய்த சரக்கு இது. உள்ளே குழிவாக இருக்கும். இரண்டு முள்ளும் முதுகோடு ஒட்டியிருப்பதால் ஆகாயத்தாமரை மேல் இழுத்தாலும் செடியில் சிக்காது. மீன் கவ்வினால் ரப்பர் அமுங்கி முள் வெளியே வரும். பாஸ் மீனுக்குச் செய்த தவளையை நம் விரால் ஒரு பேதமும் பாராட்டாமல் விழுங்குகிறது.

இதில் அவசரப்படுகிறவன் தோற்பான். தண்ணீர் வெடித்ததும் கழியை இழுத்தால் தவளை மட்டும் பறந்து வந்து மடியில் விழும். விரால் கவ்வி, திரும்பி, நரம்பு இறுகும் வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு இரண்டு மூன்று எண்ண வேண்டும். நாள் முழுவதும் மேலதிகாரி முன்பு பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கிறவனுக்கு அந்தப் பொறுமை இயல்பாகவே வந்துவிடும் என்று ஒரு நண்பர் சொல்லுவார்.

நல்ல தூண்டில்காரர்கள் ஒரு கட்டுப்பாட்டை வைத்துக்கொண்டிருக்கிறார்கள். மழைக்காலத்தில் ஏரி ஓரத்தில் செம்மஞ்சள் நிறத்தில் பந்து போல ஒரு குஞ்சுக் கூட்டம் மிதந்து நகருவதைக் காணலாம். அதற்குக் கீழே தாயும் தகப்பனும் காவல் இருக்கும். குஞ்சின் அருகில் எது வந்தாலும் பாயும். ஆகையால் அந்த நேரத்தில் விராலைப் பிடிப்பது மிகச் சுலபம். பிடித்தால் காவல் இல்லாத குஞ்சுகளை ஜிலேபி மீன்களும் கொக்குகளும் அரை மணியில் முடித்துவிடும். குஞ்சுக் கூட்டத்தைக் கண்டால் கழியைச் சுருட்டிக்கொண்டு அடுத்த கரைக்குப் போய்விடுவது வழக்கம். இதற்கு யாரும் போர்டு எழுதி வைக்கவில்லை.

விரால் பிடிக்காதவர்கள் கெண்டை வகைகளுக்குப் போவார்கள். கட்லா மேல் தண்ணீரிலும், ரோகு நடுவிலும், மிருகால் அடியிலும் மேயும். தக்கையை ஏற்றி இறக்கி முள்ளின் ஆழத்தை மாற்றுவதில்தான் சூட்சுமம். இரைக்கு மைதா மாவு, கடலைப் புண்ணாக்கு, தவிடு, ஏலக்காய் என்று ஆளுக்கு ஒரு கைப்பாகம். பக்கத்தில் உட்காருகிறவனிடம் கூடச் சொல்ல மாட்டார்கள். குழந்தைகளுக்கு ஜிலேபி மீன் போதும். ஆப்பிரிக்காவைப் பூர்வீகமாகக் கொண்ட அந்த மீன் 1952-ல் இந்தியாவுக்குள் வந்தது. இன்று அது இல்லாத ஏரியைக் காண்பது அரிது.

காவேரியில் மூடிய கதவு

பெங்களூர்த் தூண்டில்காரர்களில் பழையவர்களோடு பேசினால், பேச்சு எங்கே தொடங்கினாலும் காவேரியில் போய் முடியும். கனகபுரா வழியாக ஏறக்குறைய நூறு கிலோமீட்டர் போனால் சங்கமம், முத்தத்தி, பீமேஸ்வரி, காலிபோரே என்று ஆற்றங்கரை இடங்கள். இங்கேதான் உலகத்துத் தூண்டில்காரர்கள் கனவு கண்ட மஹ்சீர் இருந்தது. கன்னடத்தில் பிளிமீனு, அதாவது வெள்ளை மீன் என்பார்கள். கெண்டைக் குடும்பத்தில் ராட்சசன். உள்ளங்கை அகலச் செதில். பாறைக்கு நடுவே பாயும் வெள்ளத்தில் எதிர்த்து நீந்தும். 1946-ல் மைசூரைச் சேர்ந்த டி வெட் வான் இஞ்சென் என்பவர் கபினி ஆற்றில் 120 பவுண்டு எடையுள்ள மஹ்சீரைப் பிடித்தார். அதாவது 54 கிலோவுக்கு மேல். இரை என்ன தெரியுமா? நம் வீட்டு ராகிக் களிதான். கெட்டியாகக் கிளறி உருட்டிய ராகி உருண்டை, ஆற்றில் கரையாமல் நிற்கும்.

சுதந்திரத்துக்குப் பிறகு இந்த மீன் அநேகமாக ஒழிந்துவிட்டது என்றே வெளிநாட்டார் நினைத்தார்கள். 1977-ல் இங்கிலாந்திலிருந்து வந்த மூன்று இளைஞர்கள் காவேரியில் அது பத்திரமாக இருப்பதைக் கண்டு உலகுக்குச் சொன்னார்கள். இதற்குள் பெங்களூரில் 1972-ல் தென்னிந்திய வனவிலங்குச் சங்கம் தோன்றியிருந்தது. ஆற்றில் ஒரு பகுதியைக் குத்தகைக்கு எடுத்து, காவல் போட்டு, பிடித்த மீனை எடை பார்த்து உயிரோடு விடுவது என்ற முறையைக் கொண்டுவந்தது. வெடி வைத்து மீன் பிடித்தவர்களில் சிலரே பரிசல்காரர்களாகவும் வழிகாட்டிகளாகவும் காவலாட்களாகவும் மாறினார்கள். செத்த மீனைவிட உயிருள்ள மீன் அதிகக் கூலி தந்தது.

அந்தப் பகுதி 1987-ல் காவேரி வனவிலங்குச் சரணாலயம் ஆனது. சரணாலயத்துக்குள் எந்தப் பிராணியைப் பிடிப்பதும் வேட்டைதான். மீனுக்கு மட்டும் விலக்கு ஏது என்ற கேள்வி கடைசியில் வென்றது. 2012-க்குப் பிறகு அங்கே தூண்டில் இல்லை. முகாம்கள் காடு பார்க்க வரும் சுற்றுலாப் பயணிகளுக்கு என்று ஆகிவிட்டன.

இதில் யார் பக்கம் நியாயம்? சட்டத்தின் எழுத்துப்படி வனத்துறை சொன்னதில் தவறு காண முடியாது. ஆனால் தூண்டில்காரன் போன இடத்துக்கு வலைக்காரனும் வெடிக்காரனும் வரத் தயங்கினார்கள் என்பதும் உண்மை. இருபது ஜோடிக் கண்கள் ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்த இடத்தில் இன்று ஒரு ஜோடி இருந்தால் அதிசயம். என்னைக் கேட்டால் தூண்டிலை நிறுத்தியதைவிட அந்தக் கண்களை அனுப்பிவிட்டதே பெரிய நஷ்டம் என்பேன்.

இன்னொரு விஷயம் தூண்டில்காரர்களே எதிர்பாராதது. முகாமில் யார், எத்தனை மணி நேரம் தூண்டில் போட்டார்கள், என்ன மீன், என்ன எடை என்று நோட்டில் எழுதி வைத்திருந்தார்கள். 1998 முதல் 2012 வரை காலிபோரே முகாமின் கணக்கை விஞ்ஞானிகள் எடுத்துப் பார்த்தார்கள். 23 ஆயிரம் மணி நேரத்துக்கு மேல் தூண்டில் போட்டு 6 ஆயிரத்துக்கு மேற்பட்ட மஹ்சீர் பிடித்து விட்டிருக்கிறார்கள். சராசரி போட்டால் ஒரு மீனுக்கு நாலு மணி நேரம். லீவு போட்டுப் போனவர்களுக்கு இது தெரிந்த வேதனைதான். வருஷம் போகப் போக மீன் எண்ணிக்கை கூடியிருந்தது. ஆனால் கூடியது நீலத் துடுப்பு மஹ்சீர். காவேரிக்கே சொந்தமான, முதுகு உயர்ந்து கூனிய பெரிய இனம் குறைந்துகொண்டே வந்திருந்தது.

நீலத் துடுப்பு மீன் எங்கிருந்து வந்தது? மகாராஷ்டிரத்தில் லோனாவாலாவில் டாட்டா மின்சாரக் கம்பெனியின் பண்ணையில் பொரித்த குஞ்சுகள் பல ஆறுகளுக்குக் கொடுக்கப்பட்டன. ஆற்றில் மீன் பெருக வேண்டும் என்ற நல்லெண்ணத்தில் காவேரியிலும் விட்டார்கள். வந்த மீன் செழித்தது, வீட்டுக்காரன் ஒதுங்கினான். அந்தக் கூன்முதுகு மஹ்சீருக்கு விஞ்ஞானப் பெயரே 2018-ல்தான் தீர்மானமானது. டார் ரேமதேவி என்கிறார்கள். அதே வருஷம் அது அழிவின் விளிம்பில் உள்ள உயிரினங்களின் உலகப் பட்டியலிலும் ஏறியது. 120 பவுண்டு வரை வளர்ந்த மீனுக்குப் பெயர் சூட்டுவதற்குள் அதற்கு அபாய அறிவிப்பு வந்துவிட்டது.

வீட்டுக்குப் பக்கத்து ஏரி

காவேரி இப்படியாக, எஞ்சியிருப்பது ஏரிகள். வேலை பார்க்கிறவனுக்கு ஆற்றைவிட ஏரிதான் முக்கியம் என்றேன். அந்த ஏரிதான் கைவிட்டுப் போகிறது.

2016 மார்ச்சில் அல்சூர் ஏரியில் ஒரு காலை ஆயிரக்கணக்கான மீன்கள் செத்து மிதந்தன. நம்மவர்கள் நெருக்கமாக வசிக்கும் பகுதி. நாற்றம் பல தெருக்களுக்கு எட்டியது. விஷம் கலந்துவிட்டார்கள் என்று உடனே பேசுவார்கள். பெரும்பாலும் விஷம் தேவையில்லை, சாக்கடையே போதும். சாக்கடைக் கழிவைத் தின்னும் கிருமிகள் தண்ணீரில் கரைந்துள்ள பிராணவாயுவைக் குடித்துவிடுகின்றன. பகலில் பாசி கொஞ்சம் பிராணவாயு தரும். இரவில் அந்தப் பாசியும் சேர்ந்து குடிக்கும். விடிவதற்குச் சற்று முன்பு தண்ணீரில் மூச்சு மிகக் குறைவு. கோடை முடிந்து முதல் மழை பெய்து சாக்கடைகளை ஒரே அடியாக ஏரிக்குள் தள்ளும்போது மீன் கூட்டமாகச் சாவது இதனால்தான். காற்றுக் குடிக்கத் தெரிந்த விரால் மட்டும் சில நாள் தாக்குப் பிடிக்கும். ஓர் ஏரியில் கெண்டை போய் விராலும் கெளுத்தியும் மட்டும் மாட்டுகிறது என்றால் அது தூண்டில்காரன் கையில் கிடைக்கும் தண்ணீர்ப் பரிசோதனை ரிப்போர்ட்.

பெல்லந்தூர் ஏரியின் நுரையிலும் புல்லிலும் தீப்பிடித்ததை 2015, 2017, 2018 ஆண்டுகளில் நாடே பார்த்தது. அந்தத் தண்ணீர் வர்த்தூர் ஏரி வழியாகத் தென்பெண்ணையில் கலந்து ஓசூர் அருகே கெலவரப்பள்ளி அணைக்குப் போகிறது. அங்கும் நுரைதான். இங்கே நாம் விடுவது அங்கே நம் உறவுக்காரர் வயலுக்குப் பாய்கிறது.

நல்ல உதாரணமும் உண்டு. ஜக்கூர் ஏரியில் கழிவுநீரைச் சுத்திகரித்து, பிறகு நாணல் வளர்த்த சதுப்பு நிலத்தில் வடியவிட்டு ஏரிக்குள் அனுப்புகிறார்கள். மீனும் இருக்கிறது, மீனவர் குத்தகையும் நடக்கிறது. ஆனால் புதுப்பித்த ஏரிகளில் பலவற்றுக்குக் கம்பி வேலியும் கேட்டும் வந்துவிட்டன. நடைப்பயிற்சிக்காரர்களுக்கு இடம் உண்டு; தூண்டில்காரனைக் கண்டால் காவலாளி விசில் ஊதுகிறார். ஏரியில் மீன் குத்தகைக்காரருக்குச் சொந்தம், கரை மாநகராட்சிக்குச் சொந்தம் என்கிற நிலையில், வாரம் நாலு மணி நேரம் கேட்கிறவன் யாரைப் போய்ப் பார்ப்பது? கல்கத்தாவில் டிக்கெட் வாங்கிக்கொண்டு குளத்தில் ஒரு நாள் தூண்டில் போடும் வழக்கம் வெகு நாளாக உண்டு. அந்த முறையில் இங்கும் சில ஏரிகளை வாரத்தில் இரண்டு நாள் திறந்துவிட்டால் குத்தகைக்காரருக்கும் வருமானம், ஏரிக்கும் காவல். இதற்குப் பெரிய செலவு ஒன்றும் இல்லை.

வீட்டுக் கணக்கு

வீட்டம்மாமார்களின் வாதத்தையும் கேட்க வேண்டும். ஒரு வாரத்துக்கு ஒரு லீவு. அன்றைக்குத்தான் கேஸ், ரேஷன், பிள்ளைகளின் பள்ளிக்கூடச் சமாசாரம், உறவினர் வீட்டுக் கல்யாணம் எல்லாம். அன்றைக்கு இவர் ஏரிக்குப் போய், பெட்ரோல் செலவழித்து, முதுகு கருத்து, வெறுங்கையோடு வருகிறார். "அந்தப் பெட்ரோல் காசுக்கு ரஸ்ஸல் மார்க்கெட்ல ஒரு கிலோ மீன் வாங்கலாமே" என்ற கேள்விக்கு இருபது வருஷ அனுபவசாலிகளும் பதில் சொல்ல முடியாமல்தான் தவிக்கிறார்கள். ஏரியிலிருந்து நேரே சிவாஜி நகருக்குப் போய், மார்க்கெட்டில் மீன் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிறவர்கள் உண்டு. கடல் மீனை வாங்கிவிட்டு ஏரியில் பிடித்தேன் என்று சொல்லி அகப்பட்டுக்கொண்டவர் கதை தூண்டில்காரர்கள் மத்தியில் வெகு பிரசித்தம்.

மெஷினிஸ்ட் அன்பர் வீட்டில் சண்டை இல்லாததற்குக் காரணம் கேட்டேன். ஒன்பது மணிக்கு வருகிறேன் என்று சொன்னால் ஒன்பது மணிக்கு வந்துவிடுவாராம். எட்டே முக்காலுக்கு நல்ல மீன் சுற்றிக்கொண்டிருந்தாலும் கழியை மடக்கிவிடுவார். இரவே பையைக் கட்டி வாசலில் வைத்துவிடுவார். காலையில் முள்ளைத் தேடி அலமாரியை உருட்டி யாரையும் எழுப்புவதில்லை. மாதத்தில் ஒரு தடவை பெரிய பெண்ணையும் அழைத்துக்கொண்டு போகிறார். அந்தப் பெண் அப்பாவைவிடப் பொறுமையாக உட்காருகிறதாம். உடம்பு சரியில்லை என்று பொய் லீவு மட்டும் போட்டதில்லை என்கிறார். வெயிலில் கருத்த முகத்தோடு மறுநாள் சூபர்வைசர் முன்னால் போய் நிற்க முடியாது அல்லவா!

எனக்கும் கவுண்டரில் உட்காரும் வேலை. ரோஸ்டர்படி ரெஸ்ட் ஞாயிற்றுக்கிழமையில் வருவது அபூர்வம். பலர் இதைக் குறையாகச் சொல்லுவார்கள். செவ்வாய்க்கிழமை காலையில் ஆளில்லாத ஏரிக்கரையைப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

புதிதாகக் கழி வாங்குகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. கர்நாடகத்தில் உள்நாட்டு மீன்வளத்துக்கு 1996-ம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. அனுமதி இல்லாமல் தூண்டில் போடக் கூடாது. முதலில் ஏரியின் குத்தகைக்காரரையோ தாலுகா மீன்வள அலுவலகத்தையோ போய்ப் பாருங்கள். அணைக்கட்டுகளில் தடை போர்டு வைத்த இடத்தில் இறங்காதீர்கள். சிக்கிய முள்ளை எடுக்க நீந்திப் போவது உயிருக்கு ஆபத்து. ஒரு முள் சில ரூபாய்தான். அறுந்த நரம்பைக் கரையில் போட்டுவிட்டு வராதீர்கள். அதில் கொக்கும் நாமக்கோழியும் கால் சிக்கிச் சாகின்றன.

ரயில்வேக்காரன் என்ற முறையில் இன்னொன்றும் சொல்ல வேண்டும். ரயில் பாலத்தின் மேல் நின்று தூண்டில் போடுவது 1989-ம் வருஷத்து ரயில்வே சட்டப்படி அத்துமீறல் குற்றம். அதைவிட முக்கியம், மேலே போகும் கம்பியில் 25 ஆயிரம் வோல்ட் மின்சாரம் ஓடுகிறது. இப்போது கடைகளில் விற்கும் கார்பன் கழி மின்சாரத்தைக் கடத்தும். பழைய மூங்கில் கழி என்று நினைத்துவிடக் கூடாது. கம்பியைத் தொட வேண்டும் என்பதில்லை, பக்கத்தில் போனாலே போதும். ஏரிக்குப் போகும் வழியில் லெவல் கிராசிங் இருந்தால், கேட்டுக்கு முன்பே கழியை மடக்கிப் பைக்குள் வைத்துவிடுங்கள்.